வீட்டுக்காரர் கையில் கேமரா: வீட்டு உட்புறம் வழியாகச் செல்வத்தைப் பேசும் பங்கேற்பு வீடியோவை எப்படி அமைப்பது?

#1 செந்தூல்வாசி

வணக்கம். கோலாலம்பூரில் எட்டு வீடு, பினாங்கில் நான்கு வீடு. பி.பி.ஆர். (அரசின் மக்கள் வீடமைப்புத் திட்ட) ஃபிளாட், டேரஸ் (வரிசை வீடு), கொண்டோ, பங்களா எல்லாம் கலந்து. வீட்டில் இருப்பவர்களே தங்கள் வீட்டின் உட்புறத்தைப் படம்பிடிக்க வேண்டும். மையக் கேள்வி: இந்த வீட்டில் செல்வம் எங்கே இருக்கிறது? முடிந்ததும் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் பல திரைகளில் இரண்டு வாரம் காட்சிக்கு வைப்பதாகத் திட்டம்.

ஃபிளாட் வீட்டை இரக்கத்தோடும் பங்களாவை வாய் பிளந்தும் பார்க்க வைக்கும் படைப்பாக இது ஆகிவிடக் கூடாது. கேமரா விதிகள், வீட்டுக்காரர்களுக்குத் தர வேண்டிய பணி அட்டைகள், சம்மதக் கடிதம், திரை அமைப்பு ஆகிய நான்கிலும் அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது. பொதுவான அறிவுரை வேண்டாம், அளவுகளோடு சொல்லுங்கள்.

#2 ஒளிவாசல்

முதலில் லென்ஸ். இதைத் தீர்க்காமல் மற்ற எதைப் பேசியும் பயனில்லை.

போனில் 0.5 எக்ஸ் என்று இருக்கும் அகல லென்ஸை முழுக்கத் தடை செய்யுங்கள். அது ஏறத்தாழ 13 மி.மீ. குவியத்தூர லென்ஸுக்குச் சமம், கிடைமட்டத்தில் 108 பாகை பார்க்கும். பத்தடிக்குப் பத்தடி அறையைக் கல்யாண மண்டபம் மாதிரி காட்டிவிடும். வீடு விற்கும் விளம்பரங்களில் எல்லா வீடும் ஒரே அளவாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். நீங்கள் பார்க்க விரும்பும் வித்தியாசத்தையே அது அழித்துவிடும். 1 எக்ஸ் மட்டும். வீடியோவுக்காக ஓரம் கொஞ்சம் வெட்டப்பட்ட பிறகு அதை 28 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 3 மீட்டர் தூரத்தில் எதிர்ச் சுவர் கிட்டத்தட்ட 3.9 மீட்டர் அகலத்துக்குத் தெரியும். ஃபிளாட் வரவேற்பறைக்கே அது போதும்.

உயரம் 120 செ.மீ. நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் மட்டம் அது. டிரைபாட் காலில் அந்த அளவுக்கு நிறநாடா ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்; "ஏறக்குறைய இடுப்புக்கு மேல்" என்று எழுதினால் ஆளுக்கு ஒரு உயரம் வரும். முதுகு சுவரில் ஒட்டும் அளவுக்குக் கேமராவைப் பின்னால் தள்ள வேண்டும், எதிர்ச் சுவருக்கு நேராக வைக்க வேண்டும். மூலையிலிருந்து குறுக்காக வைப்பதும் விளம்பரக்காரர்களின் பழக்கமே.

அசையாத காட்சி, 90 விநாடி. முதல் 10 விநாடியும் கடைசி 10 விநாடியும் பட்டனைத் தொடும் அதிர்வில் போய்விடும். 70 விநாடி மிஞ்சும். கேமராவைக் கையில் பிடித்து அறைஅறையாக நடந்தால் பார்ப்பவரின் கண் பொருள் வேட்டைக்குப் போய்விடும். நிலைக்காட்சியில் மின்விசிறி சுழல்கிறது, திரைச்சீலை ஆடுகிறது, யாரோ குறுக்கே போகிறார்கள். வீடு வாழ்வது அப்போதுதான் தெரியும்.

அடுத்தது வெள்ளைச் சமநிலை, அதாவது எந்த நிற வெளிச்சத்தைக் கேமரா வெள்ளையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அளவு. ஃபிளாட்டில் பெரும்பாலும் 6500 கெல்வின் டியூப் லைட், நீல வெளிச்சம். பிளாஸ்டர் சீலிங் போட்டுப் புதுப்பித்த வீட்டில் ஓரப் பள்ளத்துக்குள் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு. ஆட்டோவில் விட்டால் போன் இரண்டையும் ஒரே வெள்ளைக்குக் கொண்டுவந்துவிடும். 4500 கெல்வினில் பூட்டுங்கள். டியூப் வீடு நீலமாகவே இருக்கட்டும், புதுப்பித்த வீடு மஞ்சளாகவே இருக்கட்டும். ஒரு வீட்டில் எவ்வளவு செலவழித்திருக்கிறார்கள் என்பதைப் பொருட்களுக்கு முன்னால் சொல்வது இந்த நிறம்தான்.

மினுக்கல்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 இல் பூட்டப்பட்டிருந்தால் 25 பிரேமிலும் 30 பிரேமிலும் பட்டை விழாது. 1/60 இல் விழும். ஐபோனில் பி.ஏ.எல். (PAL) வடிவங்களைக் காட்டும் தேர்வை இயக்கினால் 25 பிரேம் கிடைக்கும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் ஷட்டர், ஐ.எஸ்.ஓ., கெல்வின் மூன்றையும் பூட்டலாம். இன்னொன்று, கூரையில் பதித்த விளக்குக்குக் கீழே மின்விசிறி சுழன்றால் இறக்கையின் நிழல் சுவரெல்லாம் துடிக்கும். அதை ஷட்டரால் சரிசெய்ய முடியாது. அந்த ஒரு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.

#3 தஞ்சோங் மலர்

தம்பி, பணி அட்டையைப் பற்றி எழுதுகிறேன். "உங்கள் செல்வத்தைக் காட்டுங்கள்" என்று அட்டையில் எழுதினால் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படமும் "என் குடும்பமே என் செல்வம்" என்ற வசனமும் வரும். அது பொய்யில்லை, ஆனால் யாருக்கும் அதில் புதிதாக ஒன்றும் தெரியாது. பெரிய சொல்லைக் கேள்வியில் வைக்காதீர்கள். இடத்தையும் பொருளையும் கேளுங்கள்.

வேலை செய்யும் அட்டைகள் இப்படி இருக்கும்:

வாசலில் நின்று உள்ளே பார்த்தால் முதலில் தெரிவது.
விருந்தாளி உட்காரும் இடம். அங்கே உட்கார்ந்தால் எதிரே தெரிவது.
விருந்தாளி போகாத இடம். கதவு மூடியே இருக்கலாம். கதவை மட்டும் படம்பிடித்தாலும் போதும்.
முழுக்கப் பணம் கட்டி முடித்த ஒரு பொருள். இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருள்.
பழுதுபார்த்துப் பயன்படுத்தும் ஒரு பொருள்.
வாங்கி வைத்து இதுவரை பயன்படுத்தாத ஒரு பொருள்.
மாலை 7 மணிக்கு வீட்டின் ஓசை.

தவணை அட்டையைத்தான் நான் மிக முக்கியமாகச் சொல்வேன். தோல் சோபா, 65 அங்குல டிவி, கிச்சன் கேபினட் எல்லாம் இருக்கும் வீட்டில் எல்லாமே கடனாக இருக்கலாம். ஐம்பது வருடத்து மரக் கட்டிலும் ஒரு பித்தளைக் குத்துவிளக்கும் இருக்கும் வீட்டில் ஒரு சென் கடன் இல்லாமல் இருக்கலாம். கேமராவுக்குச் சொத்து தெரியும், கடன் தெரியாது. அதை அட்டைதான் வெளியே கொண்டுவர வேண்டும். விலையைக் கேட்காதீர்கள். "இதை வாங்க எத்தனை மாதம் பிடித்தது?" என்று கேளுங்கள். ஒரே பொருளுக்கு ஒரு வீட்டில் "அன்றைக்கே" என்றும் இன்னொரு வீட்டில் "இரண்டு வருடம் சீட்டுப் போட்டு" என்றும் பதில் வரும்.

சரியாக வராத அட்டை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "வீடு மாறினால் முதலில் எதை எடுத்துச் செல்வீர்கள்?" என்று நம்மவர்களிடம் கேட்டால் எல்லாரும் ஒன்றுபோல் சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, அரிசி என்பார்கள். அது வழக்கம்; அதில் அந்த வீடு தெரியாது. "அவற்றுக்கு அடுத்தபடியாக லோரியில் எது ஏறும்?" என்று கேட்டால்தான் பேச்சு தொடங்கும்.

ஒரு வீட்டுக்கு ஏழு அட்டைக்கு மேல் கொடுக்க வேண்டாம். எட்டாவதில் அலுத்துப்போய் ஒப்புக்கு எடுப்பார்கள். அட்டை கட்டாயம் தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம் நான்கிலும் இருக்கட்டும். எழுத்து படிக்கத் தயங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு அட்டையையும் குரலாகப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

#4 செந்தூல்வாசி

நன்றி அக்கா, விருந்தாளி போகாத இடத்தைக் கதவோடு நிறுத்தலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. ஒளிவாசல் அண்ணனுக்கு ஒரு கேள்வி: அவரவர் போனிலேயே எடுத்தால் என்ன? பங்களாவில் புது ஐபோன், ஃபிளாட்டில் பழைய ஆண்ட்ராய்டு. படத்தின் தரமே வசதியைச் சொல்லும் இல்லையா?

#5 ஒளிவாசல்

சொல்லும். ஆனால் அது சொல்வது வேறு. மங்கலான படத்தில் ஏழை வீடு, பளிங்கு மாதிரி படத்தில் பணக்கார வீடு என்றால் பார்ப்பவர் மூன்றாவது திரையிலேயே முடிவுகட்டிவிடுவார். அப்புறம் அறையைப் பார்க்க மாட்டார். கருவி ஒன்றாக இருந்தால்தான் வீடு பேசும்.

ஆகவே ஒரு பெட்டி தயார்செய்து வீடுவீடாகச் சுற்றவிடுங்கள். உள்ளே: ஒரே மாதிரி போன், 128 ஜி.பி. பழைய போனே போதும், டிரைபாட், போன் பிடிப்பான், 5 மீட்டர் அளவு நாடா, ஏழு அட்டைகள், லென்ஸ் துடைக்கும் துணி, பவர்பேங்க், எப்படி எடுப்பது என்று படம் போட்ட ஒரு தாள். விளக்கு வைக்காதீர்கள், வைத்தால் போடுவார்கள். சிம் வேண்டாம், ஏரோபிளேன் மோட். இருப்பிடப் பதிவை நிறுத்தி, திரையைக் கேமரா செயலியோடு மட்டும் பூட்டுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வாரம் வையுங்கள். வார இறுதி ஒன்று கட்டாயம் அதில் அடங்க வேண்டும். போன் திரும்பி வந்ததும் கோப்புகளை இரண்டு ஹார்ட்டிஸ்கில் நகலெடுத்துச் சரிபார்த்த பிறகு போனை முழுக்க அழித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு. முந்தைய வீட்டின் படம் ஒன்று உள்ளே இருந்தாலும் நம்பிக்கை போய்விடும்.

1080 பி, எச்.இ.வி.சி. சுருக்க முறையில் நிமிடத்துக்கு 60 எம்.பி.க்குள் வரும். அட்டைக்கு மூன்று முயற்சி என்றாலும் வீட்டுக்கு 2 ஜி.பி. 4கே வேண்டாம், சுவரில் மாட்டிய கடிதத்தின் எழுத்துவரை படிக்க முடிந்துவிடும். இந்தப் படைப்புக்கு அது ஆபத்து.

தவறு நடக்கும் இடங்கள். ஏர்கான் அறையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனால் லென்ஸில் பனிபடரும். 15 நிமிடம் வெளியே வைத்துவிட்டு எடுக்க வேண்டும். டேரஸ் வீடு 20 அல்லது 22 அடி அகலம், 70 அடிக்கு மேல் நீளம். வெளிச்சம் முன்னாலும் பின்னாலும்தான் வரும், நடுக்கூடம் பகலிலும் இருட்டு. முன் ஜன்னல் படத்துக்குள் வந்தால் போன் ஜன்னலுக்கு வெளிச்சத்தைச் சரிசெய்து கூடத்தைக் கரியாக்கிவிடும். சுவரைத் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டச் சொல்லுங்கள். போன் வீடியோவின் பிரேம் வேகம் நிலையாக இருக்காது என்பதால் எடிட்டிங்கில் ஓசை விலகும்; ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான 25 பிரேமுக்கு மாற்றிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

கோப்பைச் சாதாரண வீடியோவாக வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், நசுக்கிவிடும். அவசரம் என்றால் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லலாம், 2 ஜி.பி. வரை போகும்.

#6 ஓசைப்பெட்டி

7 மணி ஓசை அட்டையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த அட்டைக்குப் போன் மைக் உதவாது.

போன் தானாகவே ஓசையைக் கூட்டிக் குறைக்கும். அமைதியான அறையில் சத்தத்தைத் தூக்கும், இரைச்சலான அறையில் அமுக்கும். விளைவு: இருபதாவது மாடிக் கொண்டோவும் ஃபிளாட்டும் ஒரே அளவு இரைச்சலாகக் கேட்கும். ஒளிவாசல் சொன்ன வெள்ளைச் சமநிலைக் கதைதான் இதுவும். போன் தானாகச் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் வீடுகளுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தைக் கரைக்கிறது.

சூம் எச்1என் மாதிரி சின்னப் பதிவுக் கருவி ஒன்றைப் பெட்டியில் சேருங்கள். தானியங்கி அளவை அணையுங்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசினால் உச்சம் மைனஸ் 12 டெசிபெலில் நிற்கும்படி திருகியை வைத்து, அதன்மேல் நாடா ஒட்டிவிடுங்கள். பன்னிரண்டு வீட்டுக்கும் அதே அளவு. எடிட்டிங்கிலும் ஏற்றி இறக்கக் கூடாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பஞ்சு உறை அவசியம். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காமல் 1.5 மீட்டராவது தள்ளி மேசைமேல், அடியில் மடித்த துண்டு போட்டு வைக்கட்டும். 10 நிமிடம் ஓடவிட்டு அதில் தொடர்ச்சியாக 2 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாலை 7 மணி நல்ல தேர்வு. நம்மூரில் அப்போது இன்னும் வெளிச்சம் இருக்கும். விளக்கேற்றும் நேரம், மக்ரிப் பாங்கு வரும் நேரம், வேலைவிட்டு மோட்டார் சைக்கிள்கள் திரும்பும் நேரம், பக்கத்து வீட்டில் தாளிக்கும் நேரம். ஃபிளாட்டில் இவையெல்லாம் சுவரைத் தாண்டி வரும். தனி பங்களாவில் ஏர்கான் மூச்சும் ஃபிரிஜ் முனகலும் மட்டும். யாருடைய ஓசை யார் வீட்டுக்குள் வருகிறது, யாருக்கு அதைத் தடுக்க வசதி இருக்கிறது என்பது செல்வத்தைப் பற்றிய மிக நேரடியான சாட்சி. ஒரு பொருளைக்கூடக் காட்டாமல் சொல்லிவிடலாம்.

எச்சரிக்கை: ஓசையில் பெயர்கள் வரும். பிள்ளையைக் கூப்பிடுவது, போனில் வங்கி விவரம் பேசுவது. முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் 2 நிமிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

#7 லெபோ பசார்

கண்காட்சியின் சட்டகத்தைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். திரைக்குப் பக்கத்தில் வருமானத்தை எழுதப் போகிறீர்களா? எழுதலாம் என்பது என் கருத்து. கேப்மைண்டர் அமைப்பின் டாலர் ஸ்ட்ரீட் என்ற இணையதளம் 2016 முதல் அதைத்தான் செய்கிறது: உலகெங்கும் வீடுகளின் கட்டில், அடுப்பு, பல்துலக்கி எல்லாவற்றையும் மாத வருமான வரிசையில் அடுக்கிக் காட்டுகிறது. நாடு எதுவானாலும் ஒரே வருமானத்தில் வீடுகள் ஒத்துப்போவது சட்டென்று விளங்குகிறது. இங்கே நமக்கு எல்லாருக்கும் தெரிந்த அளவுகோல் இருக்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி மாதக் குடும்ப வருமானம் 5,250 ரிங்கிட்டுக்குக் கீழ் பி40 (கீழ்மட்ட 40 விழுக்காடு), 11,820இலிருந்து டி20 (மேல்மட்ட 20 விழுக்காடு), நடுவில் எம்40. பார்வையாளருக்குப் பிடிமானம் கிடைக்கும்.

#8 தஞ்சோங் மலர்

லெபோ பசார் ஐயா, இதில் நான் உடன்படவில்லை. டாலர் ஸ்ட்ரீட் நல்ல வேலை, ஆனால் அது புள்ளிவிவரத்துக்கு முகம் கொடுக்கச் செய்தது. படம் எடுப்பதும் அங்கே பெரும்பாலும் வெளியிலிருந்து போன படப்பிடிப்பாளர்கள். இங்கே எடுப்பவர் வீட்டுக்காரர். அவர் தன் தையல் மெஷினைக் காட்ட நினைத்து எடுத்த படத்தின் அடியில் "பி40" என்று ஒட்டினால் தையல் மெஷின் ஏழ்மையின் அடையாளமாக மாறிவிடும். அவர் சொன்னதை நாம் அழித்துவிட்டோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த எல்லைகள் நாடு முழுமைக்குமானவை. மாதம் 6,000 ரிங்கிட் வாங்கி கோலாலம்பூரின் பாங்சாரில் வாடகை கொடுக்கும் ஐந்து பேர் குடும்பமும், அதே வருமானத்தில் பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் சொந்த வீட்டில் இருக்கும் இருவரும் ஒரே எம்40. வருமானம் மாதக் கணக்கு, வீடு என்பது பல வருடச் சேமிப்பு. சில சமயம் மூன்று தலைமுறைச் சேமிப்பு.

பங்கேற்பு வீடியோ 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில் மீனவர்களோடு தொடங்கியபோது படக்குழுவினர் கடைப்பிடித்த ஒழுங்கு இன்றைக்கும் செல்லும்: எடுத்ததை முதலில் அதே ஊர்க்காரர்களுக்கே போட்டுக்காட்டுவது, அவர்கள் சம்மதித்த பிறகே வெளியே கொண்டுபோவது. திரைக்குப் பக்கத்தில் எழுத்து வேண்டும் என்றால் வீட்டுக்காரரையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். "எத்தனை மாதம் பிடித்தது" என்ற அட்டையின் பதிலே போதும். அதுவே எண்தான், அவர் தேர்ந்தெடுத்த எண்.

#9 லெபோ பசார்

மூன்று தலைமுறைச் சேமிப்பு என்ற இடத்தில் ஒத்துக்கொள்கிறேன், மலர். அப்படியானால் வருமானத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு நுழைவாயிலில் ஒரே ஒரு பலகையில் பொதுவாக வைக்கலாம். ஆனால் இந்த ஊர்ச் சூழல் தெரியாமல் பார்த்தால் படைப்பு வெறும் அலங்காரமாகிவிடும் என்ற என் கவலை அப்படியே இருக்கிறது. அந்தப் பலகையில் இரண்டு தகவலாவது வேண்டும். கோலாலம்பூர் மாநகர மன்றத்தின் பி.பி.ஆர். வாடகை மாதம் 124 ரிங்கிட், வீடு சுமார் 700 சதுர அடி, மூன்று படுக்கையறை. அடுத்தது, கண்காட்சி நடக்கும் கட்டடமே ஒரு காலத்தில் பல குடும்பங்கள் வாடகைக்கு இருந்த வீடாக இருந்திருக்கும்: வாடகைக் கட்டுப்பாடு 2000 தொடக்கத்தில் முடிவுக்கு வந்ததும் ஜார்ஜ் டவுன் உள்நகரிலிருந்து குடித்தனக்காரர்கள் வெளியேறினார்கள், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு சொத்து விலை ஏறியது. காலியான வீட்டுக்குள் நின்று மற்றவர்கள் வீட்டைப் பார்க்கிறோம் என்பது பார்வையாளருக்குத் தெரிய வேண்டும்.

#10 கையெழுத்து

சம்மதமும் சட்டமும், சுருக்கமாக.

சம்மதம் மூன்று கட்டமாக வாங்குங்கள். பெட்டியைக் கொடுக்கும்போது ஒன்று. எடுத்ததை அவர்களோடு உட்கார்ந்து பார்த்த பிறகு, எந்தக் கிளிப் போகலாம் எது கூடாது என்று கிளிப் கிளிப்பாக இன்னொன்று. இறுதி எடிட்டைக் காட்டிய பிறகு கடைசி. கண்காட்சி திறப்பதற்கு 14 நாள் முன்புவரை காரணம் சொல்லாமல் விலகலாம் என்று எழுதுங்கள். பணம் கொடுத்தால் பங்களாவுக்கும் ஃபிளாட்டுக்கும் ஒரே தொகை, விலகினாலும் அந்தத் தொகை அவர்களுக்கே. இல்லாவிட்டால் பணம் தேவைப்படுகிறவருக்கு விலகும் உரிமை காகிதத்தில் மட்டும்தான்.

பதிப்புரிமைதான் பலர் கவனிக்காத இடம். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு படத்துக்கு ஆசிரியர், அதைத் தயாரிக்கும் ஏற்பாடுகளைச் செய்தவர். கேமராவை அழுத்தியவர் என்று அது சொல்லவில்லை. பெட்டி, அட்டை, எடிட்டிங் எல்லாம் உங்களுடையது என்பதால் எதுவும் எழுதாமல் விட்டால் உரிமை உங்கள் பக்கம் சாயும். "பங்கேற்பு" என்ற பேச்சுக்கு அது நேர் எதிர். மூலக் கிளிப்புகள் எடுத்தவருக்கே சொந்தம், இந்தக் கண்காட்சியிலும் பெயர் குறிப்பிட்ட இடங்களிலும் காட்ட மட்டும் உங்களுக்கு அனுமதி என்று இருவரும் கையெழுத்திட்ட எழுத்துப் பத்திரம் வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும்.

2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. உங்கள் கண்காட்சி அதற்குள் வருகிறதோ இல்லையோ, வந்ததாகவே வைத்து நடந்துகொள்ளுங்கள். பொதுத் திரையிடலுக்கு 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் இருக்கிறது. இலங்கைப் போரின் இறுதிக் கட்டம் பற்றிய ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் தணிக்கைக்கு அனுப்பாமல் திரையிட்ட வழக்கில் 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தனியார் மண்டபத்தில் இலவசமாகக் காட்டினாலும் பொருந்தும் என்பதை அது காட்டிவிட்டது. இடம் தருபவரோடு முன்கூட்டியே பேசி, அனுப்ப வேண்டியதை அனுப்பக் காலம் ஒதுக்குங்கள்.

அடையாளம். ஃபிளாட் வீடுகள் எல்லாம் ஒரே வரைபடம், உட்புறத்தை வைத்து எந்த யூனிட் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜன்னல் காட்டிக்கொடுக்கும்: கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரமோ ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரமோ தெரிந்தால் திசையும் மாடியும் கணக்கிடலாம். பங்களாவில் ஜன்னல் ஆபத்தில்லை, வீடே முகவரி. படிக்கட்டின் வளைவை வைத்தே தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். பி.பி.ஆர். வீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குடியிருப்பவர் பதிவுபெற்ற குடித்தனக்காரராக இல்லாமல் இருக்கலாம். அது வெளியே தெரிந்தால் வீடு போய்விடும். பணக்கார வீட்டில் கண்காணிப்புக் கேமரா, அலாரம், பெட்டகம் இருக்கும் இடங்கள் தெரியக் கூடாது.

பார்க்க வேண்டியவை: கண்ணாடி, டிவித் திரையில் பிரதிபலிப்பு, நாள்காட்டியில் கடைப் பெயர், பள்ளிச் சீருடைப் பெயர்ப்பட்டை, மின்சார பில், மருந்து உறை, அடகுச் சீட்டு, சாவிக் கொத்து. மங்கலாக்குவதைவிட ஓரத்தை வெட்டுவது அல்லது திரும்ப எடுப்பது நல்லது. மங்கலான கட்டம் பார்ப்பவரின் கண்ணை அங்கேதான் இழுக்கும். கோப்புப் பெயரில் ஆள் பெயர் வேண்டாம். எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் இருப்பிடத் தகவல் மிச்சமில்லை என்று பார்த்துவிடுங்கள்.

#11 செந்தூல்வாசி

பங்களா வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் அறை? அதைச் சேர்க்காமல் செல்வத்தைப் பேசவே முடியாது. ஆனால் வீட்டுக்காரர் எடுத்தால் அது அந்த அம்மாவின் படம் இல்லை.

#12 தஞ்சோங் மலர்

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. வீட்டுக்காரர் கேமராவோடு அந்த அறைக்குள் போகக் கூடாது என்று விதியிலேயே எழுதுங்கள். அந்த அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் அவருக்குத் தனிப் பெட்டி, தனி அட்டை, தனிச் சம்மதம், அதே தொகை நேராக அவர் கையில். சம்மதம் கேட்கும்போது முதலாளி பக்கத்தில் இருக்கக் கூடாது. அவர் மொழி பேசுகிறவர் ஒருவர் போக வேண்டும். மறுத்தால் ஏன் என்று கேட்க வேண்டாம், மறுத்தார் என்று வீட்டுக்காரரிடம் சொல்லவும் வேண்டாம்.

சம்மதித்தால் கண்காட்சியில் அந்தத் திரையை அந்தப் பங்களாத் திரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பக்கத்தில் வைத்தால் எந்த வீடு என்று அவரை வேலைக்கு வைத்தவருக்கும் உறவினருக்கும் தெரிந்துவிடும். பதின்மூன்றாவது வீடாகத் தனியே நிற்கட்டும்.

டிரை கிச்சன், வெட் கிச்சன் இரண்டும் இருக்கும் வீடுகளில் இதே கேள்வி வேறு வடிவில் வரும். முன்னால் இருக்கும் டிரை கிச்சனைத்தான் காட்டுவார்கள்: கல் மேசை, உயரமான ஸ்டூல், எண்ணெய் படாத அடுப்பு. குழம்பு கொதிப்பது பின்னால் யார்டுக்குப் பக்கத்தில். "நேற்று சோறு வெந்த அடுப்பு" என்று ஒரு அட்டை சேருங்கள்; அட்டை கூடினால் "பயன்படுத்தாத பொருள்" அட்டையை எடுத்துவிடலாம். பல வீட்டில் இரண்டுக்கும் பதில் ஒன்றையொன்று சொல்லிவிடும்.

#13 சுவர்த்திரை

திரை அமைப்புக்கு வருகிறேன். எல்லாத் திரையும் ஒரே அளவாக வைத்தால் இதுவரை நீங்கள் லென்ஸில் காப்பாற்றியது கடைசியில் கைவிட்டுப் போகும். 9 மீட்டர் ஹாலும் 3 மீட்டர் கூடமும் ஒரே 55 அங்குலத்தில் வந்தால் ஹாலுக்குள் இருக்கும் ஆள் எறும்பாகவும் கூடத்தில் இருக்கும் ஆள் பெரிதாகவும் தெரிவார்.

ஒளிவாசல் எல்லா வீட்டிலும் ஒரே லென்ஸ் என்று சொன்னதால் கணக்கு எளிது. கேமராவிலிருந்து எதிர்ச் சுவர் எவ்வளவு தூரமோ அதற்கேற்றபடி திரையின் அகலம் கூட வேண்டும். பெட்டியில் அளவு நாடா அதற்குத்தான். ஒவ்வொரு காட்சிக்கும் அந்தத் தூரத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள். 3 மீட்டருக்கு 55 அங்குல டிவி, அதன் அகலம் 1.22 மீட்டர். 6 மீட்டருக்கு 2.44 மீட்டர். 9 மீட்டருக்கு 3.66 மீட்டர். இப்படி வைத்தால் எதிர்ச் சுவர் ஓரம் நிற்கும் 160 செ.மீ. ஆள் எல்லாத் திரையிலும் ஏறக்குறைய அரை மீட்டர் உயரமாக இருப்பார். மனிதர் அளவு மாறாது, அவரைச் சுற்றி இருக்கும் இடம் மட்டும் மாறும்.

3.66 மீட்டர் படம் என்றால் பரப்பு 7.5 சதுர மீட்டர். 4,000 லூமன் புரொஜெக்டர் புதிதாக 530 லக்ஸ் (சுவரில் விழும் வெளிச்சத்தின் அளவு) தரும். வாடகைக்கு வரும் பழைய கருவியில் அதில் பாதிதான் என்று வையுங்கள். அறை வெளிச்சம் 30 லக்ஸுக்குள் இருந்தால் சமாளிக்கும். வீசுவிகிதம் (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) 0.5 உள்ள கருவியென்றால் சுவரிலிருந்து 1.83 மீட்டரில் வைக்கலாம், பார்ப்பவர் நிழல் அதிகம் விழாது.

கடைவீட்டு மாடியின் பிரச்சினைகள் வேறு. பலகைத் தளம் நடந்தால் அதிரும். புரொஜெக்டரைத் தரையில் ஸ்டாண்டில் வைத்தால் ஒவ்வொரு காலடிக்கும் படம் குதிக்கும். தாங்கு சுவரை ஒட்டியோ உத்தரத்தில் கவ்வியோ மாட்டுங்கள். ஆனால் சுண்ணாம்புச் சுவரில் துளை போடக் கூடாது. பூச்சு பொடிந்து விழும், பாரம்பரியக் கட்டடத்தில் அனுமதியும் கிடைக்காது. தானே நிற்கும் மரச்சட்டம் அடித்துத் தளவரிசையின் விட்டங்களுக்கு மேலே கால் வரும்படி நிறுத்துங்கள், டிவியையும் அதில்தான். நடுவில் இருக்கும் முற்றத்திலிருந்து பகல் முழுக்க வெளிச்சம் கொட்டும், அதன் அருகே புரொஜெக்டர் எடுபடாது, டிவி மட்டும். பழைய வயரிங் என்றால் எல்லாக் கருவியையும் ஒரே சுற்றில் மாட்டாமல் மின்பணியாளரை வைத்துப் பிரித்துவிடுங்கள்.

ஓசை ஒரே ஒரு இடத்திலிருந்து வரட்டும். பன்னிரண்டு திரையும் ஒலித்தால் எதுவும் கேட்காது. மற்ற திரைகள் ஊமையாக ஓட, 7 மணி ஓசைகள் மட்டும் வீட்டுக்கு 2 நிமிடமாக அடுத்தடுத்து வரும்படி செய்தால் ஓசைப்பெட்டி பூட்டிக் கொடுத்த அளவு வித்தியாசம் அறைக்குள் அப்படியே கேட்கும்.

#14 செந்தூல்வாசி

தூரமும் திரை அகலமும் ஒன்றாக மாறும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஓட்டும் கருவி? டிவியிலேயே பென்டிரைவ் போதுமா? காலையில் திறந்துவிடப் போவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர் மட்டும்தான். அவர் ரிமோட்டைத் தொடும்படி இருக்கக் கூடாது.

#15 சுவர்த்திரை

பென்டிரைவ் வேண்டாம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கறுப்புத் திரையும் கோப்பின் பெயரும் வந்து போகும். பெயரில் வீட்டின் அடையாளம் இருந்தால் அதுவும் தெரியும். ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியை வையுங்கள், ஒன்றில் இரண்டு எச்.டி.எம்.ஐ. வெளியீடு, ஆகவே பன்னிரண்டு திரைக்கு ஆறு. பதின்மூன்றாவது வந்தால் ஏழு. உதிரியாக ஒன்று. வீடியோவை எச்.264, 1080 பி, 25 பிரேமில் மாற்றி, மின்சாரம் வந்ததும் தானாகச் சுற்றி ஓடும்படி அமைக்கலாம். திரைகள் ஒன்றோடொன்று இசைந்து ஓட வேண்டியதில்லை. நீளம் வேறுவேறாக இருக்கட்டும்.

பெரியவர் மாலையில் சுவிட்சை நேரடியாக அணைப்பார். அதனால் நினைவட்டை கெடும், சில நாளில் ஒரு திரை எழும்பாது. பையின் அமைப்பில் ஓவர்லே கோப்பு முறைமையை இயக்கிவிட்டால் அட்டையில் எதுவும் எழுதப்படாது, எப்படி அணைத்தாலும் பாதகமில்லை.

டிவிகளில் நான்கு மணி நேரத்தில் தானாக அணையும் தேர்வு, அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மங்கும் தேர்வு, அசைவை வழுக்கலாக்கும் தேர்வு மூன்றையும் நிறுத்துங்கள். எல்லாவற்றையும் சினிமா நிறமுறையில் வைத்து, ஒரே கிளிப்பை எல்லாத் திரையிலும் ஓட்டி, 6500 கெல்வின் டியூப் வீடு எல்லாவற்றிலும் அதே நீலமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மின்சாரம் போய் வந்தால் நிறமுறை மாறிவிடும் டிவிகள் உண்டு. மாட்டுவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிச் சொருகிச் சோதியுங்கள். பை எழும்புவதற்கு முன் டிவி விழித்தால் சிக்னல் இல்லை என்று தூங்கப் போய்விடும். பைகளைத் தனி நீட்டிப்புப் பலகையில் மாட்டி, அந்தச் சுவிட்சில் "1" என்றும் டிவிப் பலகையில் "2" என்றும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பெரியவர் முதலில் ஒன்று, நூறு எண்ணிவிட்டு இரண்டு.